திறந்து கிடந்த இரும்புக் கதவு
தீயோடு போராடி மாண்ட பிரெய்ட்வுட்டின் வாழ்க்கை

லண்டன் நகரம். தேம்ஸ் நதியின் தென்கரை. லண்டன் பாலத்தை அடுத்து டூலி தெரு. தெருவுக்கும் நதிக்கும் நடுவே வரிசை வரிசையாகப் பெரிய கிடங்குகள். உலகத்தின் நாலா திக்கிலிருந்தும் கப்பலில் வந்த சரக்குகள் அங்கே மாடி மாடியாக அடுக்கி வைக்கப்பட்டு இருந்தன.

1861-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, சனிக்கிழமை மாலை. அந்தக் கிடங்குகளில் ஒன்றிலிருந்து புகை கிளம்பியது.

சேதி கிடைத்ததும் தீயணைக்கும் படை பறந்து வந்தது. படைத் தலைவரும் வந்தார். அவருக்கு வயது 60. நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் தீயோடு மல்லுக்கட்டியவர். புகையைப் பார்த்தே நெருப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூடியவர்.

நெருப்பை அவர் எளிதில் ஓர் அறைக்குள் அடைத்து இருக்கலாம். ஏனென்றால், அறைக்கும் அறைக்கும் நடுவே கனத்த சுவர் இருந்தது. சுவரில் இருந்த வழிகளுக்கு இரும்புக் கதவுகள் இருந்தன. தீ பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் தடுப்பதற்கென்றே போட்ட கதவுகள் அவை.

ஆனால் அந்தக் கதவுகள் திறந்து கிடந்தன!

அன்று மாலை அந்தப் படைத் தலைவர் மாண்டார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். இன்று உலகம் முழுவதும் தீயணைப்பு வீரர்கள் கற்கும் பாடங்களில் பல, அவர் வகுத்தவை.

தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர்

பிரெய்ட்வுட் 1800-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தை மேஜை, நாற்காலி, பீரோ செய்யும் தொழில் நடத்தி வந்தார். மகன் நல்ல பள்ளியில் படித்தார். பிறகு கட்டட வேலை பழகினார். நிலமும் கட்டடமும் அளக்கும் வித்தையையும் கற்றார்.

இந்தப் படிப்புதான் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது. ஒரு கட்டடத்தைப் பார்த்தால், உத்தரம் எங்கே ஓடுகிறது, பாரத்தை எந்தச் சுவர் தாங்குகிறது, எது முதலில் விழும் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் நகரங்களில் பொதுவான தீயணைப்புப் படை கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனித்தனியே ஆட்களையும் எஞ்சின்களையும் வைத்து இருந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். 1824-ம் ஆண்டு எடின்பரோவில் இவற்றை ஒன்றாக்கி ஒரே படை அமைத்தார்கள். அதற்குத் தலைவராக 24 வயது வாலிபர் பிரெய்ட்வுட்டை நியமித்தார்கள்.

பதவி ஏற்றுச் சில வாரங்கள்தான் ஆயின. ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கக்கூட நேரம் இல்லை. அதற்குள் வந்தது சோதனை.

பற்றி எரிந்த எடின்பரோ

1824 நவம்பர் 15-ந் தேதி இரவு, எடின்பரோவின் பழைய நகரத்தில் செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் ஒருவரின் பட்டறையில் தீ மூண்டது. நெருக்கமான சந்துகள். ஏழு, எட்டு மாடி வீடுகள். தீ வீட்டுக்கு வீடு தாவியது. மாதா கோவில் கோபுரம் ஒன்றும் எரிந்து விழுந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்து தெருவில் நின்றன.

படைத் தலைவர் ஒருவர் இருந்தும் பயன் இல்லை. நகரப் பெரியவர்களும் நீதிபதிகளும் அங்கே கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு உத்தரவு போட்டார்கள். ஒருவர் இங்கே தண்ணீர் அடி என்றார். இன்னொருவர் அங்கே அடி என்றார். எஞ்சின்கள் அங்கும் இங்கும் அலைந்தன. தீ தன் வழியே போய்க்கொண்டு இருந்தது.

தீ அணைந்ததும் பழி யார் மேல் என்ற பேச்சு எழுந்தது. விசாரித்தவர்கள், குற்றம் பிரெய்ட்வுட் மேல் இல்லை என்று கண்டார்கள். தீ நடக்கும் இடத்தில் கட்டளை இடும் உரிமை ஒருவருக்கே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் தீயணைப்பு அதிகாரி சொல்வதே செல்லும் என்ற முறை அங்கே வேர் விட்டது.

விடியற்காலைப் பயிற்சி

இப்போது பிரெய்ட்வுட் தன் விருப்பப்படி படையைக் கட்டினார். யாரைச் சேர்த்தார் தெரியுமா? கொத்தனார், தச்சர், கொல்லர், குழாய் வேலைக்காரர், கூரை வேய்பவர். கூரை வேய்பவனுக்கு உயரத்தில் நடக்கப் பயம் இல்லை. கொத்தனுக்கும் தச்சனுக்கும் கட்டடத்தின் எலும்பும் நரம்பும் தெரியும். எஞ்சின் கெட்டால் கொல்லன் அந்த இடத்திலேயே சரி செய்வான்.

ஊரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியின் எஞ்சினுக்கும் ஒரு நிறம் கொடுத்தார். கூட்டத்திலும் எந்த எஞ்சின் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

வாரம் ஒருநாள் விடியற்காலை 4 மணிக்குப் பயிற்சி. ஏன் அந்த நேரம்? பெரிய தீ பெரும்பாலும் இரவில்தான் வருகிறது. கண் தெரியாத இருட்டில், தூக்கக் கலக்கத்தில், குளிரில் குழாயை மாட்டக் கைக்குப் பழகி இருக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு வாரமும் எஞ்சினை இயக்கிப் பார்த்துவிடலாம். தோல் குழாயில் ஓட்டை இருந்தால் பயிற்சியிலேயே தெரிந்து போகும். தீக்கு முன்னால் போய் நின்ற பிறகு தெரிந்து என்ன பயன்?

சோதித்துப் பார்க்காத கருவி கருவியே அல்ல என்பது அவருடைய கொள்கை.

தீயணைக்கும் முறையையே அவர் மாற்றினார். அதுவரை தெருவில் நின்றபடி ஜன்னலைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். தண்ணீர் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பிரெய்ட்வுட் தன் ஆட்களை உள்ளே நுழையச் சொன்னார். தீயின் அடிவேரைக் கண்டு அங்கே தண்ணீரை விட வேண்டும். ஆனால் யாரும் தனியாக நுழையக் கூடாது. ஒருவன் மயங்கினால் இழுத்துவர இன்னொருவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தன் ஆட்களை அனுப்ப முடியாத இடத்துக்கு அவரே போனார். ஒருமுறை ஓர் இரும்புச் சாமான் கடை தீப்பற்றியது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய் இருப்பதாகத் தெரிந்தது. ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு, தாமே உள்ளே நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தாம் கற்றதை எல்லாம் 1830-ல் ஒரு புத்தகமாக எழுதினார். எஞ்சின் எப்படி இருக்க வேண்டும், ஆட்களை எப்படிப் பழக்க வேண்டும், தீயில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விவரிக்கும் புத்தகம் அது.

லண்டன் அழைத்தது

எடின்பரோவின் புகழ் லண்டனுக்கு எட்டியது. அங்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனித்தனிப் படைகள் வைத்துச் சண்டையிட்டுக் கொண்டு இருந்தன. 1833 ஜனவரி 1-ந் தேதி பத்துக் கம்பெனிகள் சேர்ந்து ஒரே படையை அமைத்தன. தலைவர் பிரெய்ட்வுட். சுமார் 80 ஆட்கள். 19 நிலையங்கள். அவ்வளவு பெரிய லண்டனுக்கு அவ்வளவுதான்!

லண்டனில் அவர் கப்பல் மாலுமிகளைத் தேடிச் சேர்த்தார். மாலுமிக்குக் கயிறு ஏறத் தெரியும். இரவில் விழித்து இருக்கத் தெரியும். உத்தரவுக்குக் கீழ்ப்படியவும் தெரியும்.

அடுத்த ஆண்டே ஒரு பெரிய தீ. 1834 அக்டோபர் 16-ந் தேதி பார்லிமெண்டு மாளிகை எரிந்தது. பழைய காலத்தில் அரசாங்கக் கணக்கை மரக் குச்சிகளில் வெட்டுப் போட்டு வைப்பது வழக்கம். உதவாத அந்தக் குச்சிகளை வண்டி வண்டியாக அடுப்பில் போட்டு எரித்தார்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய புகைபோக்கி மாளிகைக்கே எமனாயிற்று. பிரெய்ட்வுட்டின் ஆட்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆட்கள். அந்த மாளிகைக்காக உழைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் போராடினார்கள். நூற்றாண்டுகள் பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் பிழைத்தது.

1838 ஜனவரியில் ராயல் எக்ஸ்சேஞ்சு என்ற வணிக மாளிகை எரிந்தது. கடுங்குளிர். குழாயில் தண்ணீர் உறைந்து விட்டது. பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் எடுப்பதற்குள் தீ முந்திக்கொண்டது. கோபுர மணிகள் வழக்கமான பாட்டை இசைத்தபடியே கீழே விழுந்தன என்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள்.

தீ வருமுன் பார்த்தவர்

பிரெய்ட்வுட்டைத் தீயை அணைத்த வீரர் என்று மட்டும் சொன்னால் போதாது. தீ வருவதற்கு முன்பே அது வரும் வழியைப் பார்த்தவர் அவர்.

அந்நாளில் கட்டடங்களைச் சூடாக்கச் சுவர் ஓரமாகச் சுடுநீர்க் குழாய்களைப் பதித்தார்கள். குழாயில் நெருப்பு இல்லையே, என்ன பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிரெய்ட்வுட் அப்படி நினைக்கவில்லை. குழாயை ஒட்டி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மரச்சட்டம் மெல்ல மெல்லக் காய்ந்து கரியாகிறது, பிறகு ஒரு நாள் விளக்கோ பொறியோ இல்லாமலே பற்றிக்கொள்ளலாம் என்று 1846-ல் பிரபுக்கள் சபையின் கமிட்டி முன் சாட்சியம் சொன்னார். பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்தது, இனியும் இருக்கும் என்று நம்புவது தவறு என்பது அதன் சாரம்.

இன்னொன்று இரும்பு. மரத்துக்குப் பதில் வார்ப்பிரும்புத் தூண்கள் வைத்துக் கட்டி, தீயே பிடிக்காத கட்டடம் என்று பெருமை பேசினார்கள். பிரெய்ட்வுட் 1849-ல் என்ஜினீயர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். இரும்பு எரியாது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு எரியுமே? அந்தச் சூட்டில் இரும்பு பலம் இழக்கும். மேலே குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். காய்ந்த தோசைக்கல்லில் திடீரென்று தண்ணீரைக் கொட்டினால் கல் விரிசல் விடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே கதைதான். தூண் போனால் கட்டடமே சரியும். அடியில் நிற்கும் வீரர்கள் நசுங்குவார்கள்.

மூன்றாவது, கிடங்குகளின் அளவு. லண்டன் வணிகர்கள் வரவர மிகப் பெரிய கிடங்குகளைக் கட்டினார்கள். நடுவே சுவர் வைத்தால் இடம் வீண் என்று எண்ணினார்கள். அப்படி ஒன்று முழுவதும் பற்றிக்கொண்டால் லண்டனில் உள்ள எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்தாலும் அணைக்க முடியாது என்று பிரெய்ட்வுட் எச்சரித்தார். 60 அடி நீளம், 60 அடி அகலம், 60 அடி உயரம். அதற்கு மேற்பட்ட கட்டடம் கைமீறிப் போகும் என்பது அவர் அனுபவக் கணக்கு. 1855-ல் வந்த லண்டன் கட்டடச் சட்டமும் கிடங்கின் அறைக்கு அந்தக் கன அளவையே, அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம் கன அடியையே, எல்லையாக வைத்தது.

சட்டம் வந்தது. சுவர் வந்தது. இரும்புக் கதவும் வந்தது. ஆனால் மாலையில் கதவை மூட வேண்டிய கை?

கடைசித் தீ

டூலி தெருவுக்குத் திரும்புவோம்.

கிடங்கில் என்னென்ன இருந்தன? 5 ஆயிரம் டன் அரிசி. 10 ஆயிரம் பீப்பாய் கொழுப்பு. 3 ஆயிரம் டன் சர்க்கரை. 18 ஆயிரம் பொதி பருத்தி. கயிறு திரிக்கும் நார், சணல், வெடியுப்பு. சணல் என்றால் அந்நாளில் அது நம் வங்காளத்திலிருந்து போனதுதான். ஈரம் பட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள்ளே வெந்து புகைவதை நம் கிராமங்களில் கண்டிருக்கலாம். அதுபோல நார்ப்பொதி தானாகவே கனன்று தீப்பிடித்தது என்று கருதினார்கள்.

கதவுகள் திறந்து கிடந்ததால் தீ அறைக்கு அறை நடந்து சென்றது. நதியில் நீர் வற்றி இருந்த நேரம். தண்ணீர் போதவில்லை. கொழுப்பு உருகி நெருப்பாறாக ஓடித் தேம்ஸ் நதியில் கலந்தது. நீரின் மேல் நெருப்பு மிதந்தது! மிதக்கும் கொழுப்பை அள்ளப் படகில் போன ஆசைக்காரர்கள் சிலரும் அதில் சிக்கினார்கள்.

ஆயிரக்கணக்கான மக்கள் பாலத்திலும் கரையிலும் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

பிரெய்ட்வுட் ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பார்த்தார். கையில் வெட்டுப்பட்ட ஒரு வீரனுக்குத் தன் கழுத்தில் இருந்த பட்டுக் கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டினார். களைத்துப் போனவர்களுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்க ஏற்பாடு செய்தார். மணி 7½ இருக்கும். ஆட்களை உற்சாகப்படுத்திக் கொண்டே சந்து வழியாக நடந்தார்.

அப்போது படார் என்று ஒரு சத்தம். கிடங்கின் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. எந்தக் கட்டடத்தில் எது முதலில் விழும் என்று அறிந்தவர், அந்தச் சுவரின் அடியில் புதைந்தார். அவரோடு இன்னொரு வீரரும் மாண்டார்.

சூடு தணியாத செங்கற் குவியலைத் தோண்டி உடலை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. தீ முற்றும் அணைய இரண்டு வாரம் ஆயிற்று. நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுன்.

ஜூன் 29-ந் தேதி சவ ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்தின் நீளம் ஒன்றரை மைல். கடைகள் அடைக்கப்பட்டன. மாதா கோவில்களில் மணி ஒலித்தது. அப்னி பார்க் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகனும் தீயணைப்பு வீரன்தான். அவனும் முன்பே தீயில் மாண்டு அங்கேதான் அடக்கமாகி இருந்தான்.

சாவுக்குப் பின் விழித்த நகரம்

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. பிரிமியத்தை உயர்த்தின. வணிகர்கள் கூச்சல் போட்டார்கள். இவ்வளவு பெரிய நகரத்தைக் காக்கும் பொறுப்பு இனி எங்களால் ஆகாது என்று கம்பெனிகள் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டன. 1865-ல் சட்டம் நிறைவேறியது. 1866 ஜனவரி 1-ந் தேதி முதல் லண்டனுக்குப் பொதுப் பணத்தில் நடக்கும் தீயணைப்புப் படை கிடைத்தது. பிரெய்ட்வுட் இருந்தபோது கிடைக்காதது, அவர் மாண்ட பிறகு கிடைத்தது.

டூலி தெருவில் அவர் விழுந்த இடத்துக்கு அருகே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. எடின்பரோவில் 2008-ல் சிலை வைத்தார்கள்.

ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் கல் அல்ல. ஒரு பழக்கம். தீயைத் தடுக்க வைத்த ஒவ்வொரு பொருளும் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்கும் பழக்கம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2005-ல் பிறப்பித்த ஓர் ஆணை, கடை, அலுவலகம், கிடங்கு எதுவானாலும் அதைப் பொறுப்பில் வைத்து இருப்பவரே தீ அபாயத்தை ஆராய்ந்து, காப்புச் சாதனங்களை நல்ல நிலையில் வைத்து இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

டூலி தெருக் கிடங்குகளில் மின்சாரம் கிடையாது. இன்று மின்சாரம் இல்லாத கடை கிடையாது. ஆபத்தின் உருவம் மாறி இருக்கிறது. கேள்வி மாறவில்லை. மின்சாரச் சோதகர் ஒரு கடைக்கு வந்தால் என்ன செய்கிறார்? கம்பியின் மேலுறை காய்ந்து வெடித்து இருக்கிறதா என்று கருவி வைத்து அளக்கிறார். எர்த் கம்பி பூமியைத் தொடுகிறதா என்று பார்க்கிறார். முடுக்காத திருகாணி சூடேறுகிறதா என்று பார்க்கிறார். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை இயக்கிப் பார்க்கிறார். அதில் சோதனைக்கென்றே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை வாங்கி மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்!

சுடுநீர்க் குழாயை ஒட்டிக் கிடந்த மரச்சட்டமும், பத்து ஆண்டாகச் சுவருக்குள் சூடேறும் பழைய வயரும் ஒன்றுதான். நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு ஜாமீன் ஆகாது.

அடுத்த முறை ஜவுளிக் கடைக்கோ சினிமாக் கொட்டகைக்கோ போகும்போது, அவசர வழி என்று எழுதிய கதவைக் கொஞ்சம் பாருங்கள். அதன் முன்னே பெட்டிகள் அடுக்கி இருக்கிறதா? பூட்டுத் தொங்குகிறதா? தீ பரவாமல் தடுக்க வேண்டிய கதவுக்குக் கீழே, காற்று வரட்டும் என்று ஒரு கல்லை முட்டுக் கொடுத்து இருக்கிறார்களா?

அப்படி இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்தக் கல்லை எடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷ வேலையை டூலி தெருவில் அன்று யாரும் செய்யவில்லை.